வல்லைத் தரையும் ஒரு செத்தவீடும்

வல்லை வெளியில் சோளகக் காற்று அடிக்கும்போது சைக்கிளை உழக்கிப் பயனில்லை. இறங்கி உருட்டத்தான் வேண்டும். அப்படி இறங்கி நடந்த ஒரு பின்னேரத்தில்தான் நான் முதன்முதலாகத் தரையைப் படம் பிடித்தேன். மழைக்கு முந்திய மாதங்கள். தரவை நிலம் முழுவதும் காய்ந்து, உப்புப் பூத்து, பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஆளும் இல்லை, மாடும் இல்லை. கழுத்தில் ஸ்ரூடியோ முதலாளியின் கமரா தொங்கியது. ஒரு கலியாணவீட்டில் எடுத்து முடிந்து, பிலிம் றோலில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. நேரே கீழே பார்த்துப் பொத்தானை அமத்தினேன். அடிவானம் வராமல், செருப்பு வராமல், வெடித்த தரை மட்டும்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்டால் ஒரு காரணம் சொல்லலாம். அதற்குக் கொஞ்சநாள் முன்பு வாசிகசாலையில் ஒரு வெளிநாட்டுச் சஞ்சிகை கிடந்தது. அதில் ஒரு முழுப் பக்கத்துக்குப் பெயின்ற் உரிந்த சுவர் ஒன்றின் படம். வேறொன்றும் இல்லை. கீழே ஆங்கிலத்தில் ஏதோ போட்டிருந்தது. எனக்கு அந்த அளவுக்கு ஆங்கிலம் இல்லை. வாசிகசாலைக்குப் பொறுப்பாக இருந்த வாத்தியாரிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"சுவர் எண்டு போட்டிருக்கு," என்றார்.

"அவ்வளவுதானோ சேர்?"

"அவ்வளவுதான். ஆரோ வேலை வெட்டி இல்லாத ஆள்."

சுவர் என்று மட்டும் எழுதிவிட்டு ஒருவன் அதை ஒரு பக்கத்துக்குப் போடலாம் என்பது எனக்குப் பிடித்துக்கொண்டது.

நான் அதிகம் படித்தவனல்ல. பண்டத்தரிப்பில் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. கொக்குவிலில் ஒரு சுருட்டுக் கொட்டிலில் இருந்தேன். புகையிலைத் தூசு நெஞ்சுக்கு ஒத்துவரவில்லை. வவுனியாவில் ஒருவருடைய வயலுக்குக் காவல் இருந்தேன், மலேரியா வந்தது. அளவெட்டியில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் ஒருவரோடு கோயில் கோயிலாகத் திரிந்தேன். அவர் சாப்பாடு போட்டார், சம்பளம் போடவில்லை. பிறகு கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினேன். அதே தெருவில் ஒரு ஸ்ரூடியோவின் இருட்டறையில் தட்டுக் கழுவ ஆள் தேவைப்பட்டது. இதுவும் கழுவுகிற வேலைதானே என்று மாறினேன். படம் கழுவவும் அச்சடிக்கவும் பழகியது அப்படித்தான். ஒரு இடத்தில் இருக்க முடியாத கால் எனக்கு. அங்கிருந்தும் கிளம்பி வடமராட்சிக் கரையில் ஒரு சின்னப் பட்டினத்து ஸ்ரூடியோவில் வந்து சேர்ந்தபோது எனக்கு வயது முப்பதை நெருங்கியிருந்தது. முன்கூடத்தில் படுக்க விட்டார்கள். அது போதுமாயிருந்தது.

முதலாளியை நான் அண்ணை என்று கூப்பிடுவேன். கெட்டிக்காரர். மணப்பெண்ணைத் தாமரைப் பூவுக்குள் இருத்துவார். மாப்பிள்ளையைப் பெண்ணின் உள்ளங்கையில் நிறுத்துவார். ஒரே பிள்ளையை மூன்று இடத்தில் இருத்தி மூன்றும் ஒன்றையொன்று பார்ப்பதுபோல எடுப்பார். பெண்பிள்ளை பெரியவளானதைக் கொண்டாடும் சாமத்தியவீடுகளில் அதற்காகவே அவரைக் கூப்பிடுவார்கள். அவருக்கு என்னுடைய தரைப் படங்கள் பிடிக்கவில்லை.

"உதிலை ஆர் நிக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை அண்ணை."

"பேந்து ஏன் எடுத்தனி?"

"தரையை எடுத்தனான்."

"தரை எங்கை ஓடப்போகுதெண்டு உனக்கு அவசரம்? விசரன்."

பெண்ணைப் பூவுக்குள் வைத்தால் விசர் இல்லை, தரையைத் தரையாக எடுத்தால் விசர் என்பது எனக்கு விளங்கவில்லை. ஆனால் வாதாடவில்லை. றோலில் மிஞ்சுகிற கடைசிப் படங்களை நான் என் விருப்பத்துக்கு எடுக்கலாம் என்று அவர் விட்டிருந்தார். எல்லா முதலாளிகளும் அப்படி விடமாட்டார்கள்.

அது இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்த காலம். பாணுக்கு வரிசை, துணிக்கு வரிசை. பிலிமுக்கு வரிசைகூட இல்லை, ஏனென்றால் பிலிமே இல்லை. கொழும்பில் சினிமாப் படம் எடுப்பவர்களிடம் மிஞ்சுகிற துண்டுச் சுருள்களை ஒருவர் வாங்கி அனுப்புவார். அதை இருட்டறையில் வெட்டி, பழைய றோல் டப்பிகளுக்குள் நாங்களே சுற்றிக்கொள்வோம். டப்பியும் அருமை. எடுத்து முடிந்து பிலிமைத் திருப்பிச் சுற்றும்போது நுனி முழுவதும் உள்ளே போய்விட்டால் டப்பியை உடைத்துத்தான் பிலிமை எடுக்க வேண்டும். ஆகவே நுனி வெளியே நிற்கும்படியாகத்தான் சுற்றுவோம். இதில் ஒரு சிக்கல் இருந்தது. எடுத்த றோலும் எடுக்காத றோலும் பார்வைக்கு ஒன்றாகவே இருக்கும்.

அதற்கு அண்ணை ஒரு வழி வைத்திருந்தார். மேசைக்கு மேலே சாமிப்படம், அதற்குக் கீழே சந்தனக் கிண்ணம். எடுத்து முடிந்த றோலுக்கு விரலால் ஒரு சந்தனப் பொட்டு வைப்பார். தகரத்தில் பென்சில் பிடிக்காது, சந்தனம் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். பொட்டு இருந்தால் எடுத்தது, இல்லாவிட்டால் எடுக்காதது. இது எனக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்த ஏற்பாடு. மூன்றாவது ஆளுக்குச் சொல்ல வேண்டிய தேவை வரவில்லை.

அந்த வருடம் ஒரு முழு றோலில் தரையை எடுத்திருந்தேன். மூலச் சுருளின் அடியில் கீறல் விழுந்த துண்டொன்று கிடந்தது. வாடிக்கையாளருக்கு உதவாது என்று அண்ணை எனக்குத் தந்தார். வல்லையில் ஒரு நாள் முழுக்க அதோடு திரிந்தேன். வெடித்த பாளங்கள், உப்புக்கோடுகள், வற்றிப்போன குட்டையின் வட்டம் வட்டமான கறை, கடைசியாக ஒரு மதகு. பழைய சுண்ணாம்புக் கல்லில் கட்டிய மதகு. நடுவில் அதன் வாய் மைபோல இருட்டு, சுற்றிலும் வெயில் பட்டு வெளுத்த கல். றோலுக்குப் பொட்டு வைத்து மேசை லாச்சிக்குள் போட்டேன். கழுவும் மருந்து தட்டுப்பாடு. காசு தந்தவர்களின் படம் முதலில், என்னுடையது பிறகு.

சரஸ்வதி பூசை வந்தது. ஸ்ரூடியோவிலும் செய்வோம். நான் அண்ணி என்று கூப்பிடும் முதலாளியின் மனைவி, கமரா, லைற், கத்தரிக்கோல், கட்டர் எல்லாவற்றையும் பூசை மேசையில் பரப்பினார். லாச்சியிலிருந்த றோல்களையும் ஒரு தட்டில் போட்டு வைத்தார். எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தார். நாங்கள் இருவரும் அன்று பள்ளிக்கூடங்களில் வாணிவிழாப் படம் எடுக்கப் போயிருந்தோம். விசயதசமி முடிந்த மறுநாள் அண்ணி ஈரத் துணியால் எல்லாவற்றையும் துடைத்து, துப்புரவாக அதே லாச்சிக்குள் அடுக்கினார். நாங்கள் திரும்பியபோது லாச்சி வழமைபோல இருந்தது. அவல் சாப்பிட்டோம்.

சில நாள் கழித்து, காலையில் ஒருவர் சைக்கிளில் வந்து செத்தவீட்டுக்குப் படம் எடுக்க வரவேண்டும் என்று சொன்னார். கடலோடிக் குடும்பம். ஒரு தாய், ஒரு மகள், ஒரு மகன், அவ்வளவுதான் குடும்பம். மகன் கப்பலில். தந்தி அடித்தும் வரமுடியாத தூரத்தில் நின்றது கப்பல். மகள் மூத்தவர், நாற்பது வயதிருக்கும், கலியாணம் செய்யாதவர். தாய் விழுந்து இடுப்பு உடைந்து இரண்டு வருடம் படுக்கையில் கிடந்து செத்துப்போனார். பார்த்தது மகள்தான். தகப்பனின் தங்கை ஒருத்தி, இவர்களுக்கு மாமி, பக்கத்து வளவில் இருந்தார். தாயைப் புரட்டிப் போடாமல் அழுக விடுகிறாள் என்று மாமி ஊரில் கதைத்துக்கொண்டிருந்தார். அந்தக் கதை கப்பலுக்கும் போயிருந்தது. இதெல்லாம் எங்களுக்கும் தெரியும். சின்னப் பட்டினம்.

அண்ணை ஒரு றோலை மாட்டிக்கொண்டு போனார். நான் அடையாள அட்டைப் படங்கள் அச்சடிக்க நின்றுவிட்டேன். அவர் மத்தியானம் திரும்பி வந்து, முழுகிவிட்டு, றோலை என் கையில் தந்தார்.

"இதை முதல் கழுவு. அந்த மகள் பிள்ளை என்ரை கையைப் பிடிச்சுச் சொன்னது, தம்பிக்கு அனுப்ப வேணும், அம்மாவின்ரை முகம் வடிவாய்த் தெளிவாய் விழ வேணும் எண்டு."

கழுவினேன். ஈர நெகட்டிவைத் தூக்கி லைற்றுக்கு நேரே பிடித்தபோது, வழக்கத்துக்கு மேலே கறுத்துத் தடித்திருந்தது. கூர்ந்து பார்த்தேன். பிரேதம் தெரிந்தது, சுற்றி நின்ற ஆட்கள் தெரிந்தார்கள். அவர்கள் எல்லோர் மேலும் ஒரு வலை விழுந்திருந்தது. எனக்கு அந்த வலை தெரியும், வல்லைத் தரையின் வெடிப்பு; நான் எடுத்த றோலிலேயே செத்தவீடும் விழுந்திருந்தது. அந்தப் பாளங்களை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்து எடுத்தவன் நான். முதலில் எனக்குப் பயம் வரவில்லை. பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு கிழவரின் நெற்றியில் தொடங்கிய வெடிப்பு பந்தல் காலைக் கடந்து ஒரு பெண்ணின் தோளில் முடிந்தது. யாரும் அப்படி வரைந்திருக்க மாட்டார்கள். பிறகுதான் இது ஒரு வீட்டுச் சாவு என்பது உறைத்தது.

அண்ணை பார்த்தார். நெற்றியில் கையை வைத்துக்கொண்டு இருந்துவிட்டார். பிறகு அண்ணியைக் கூப்பிட்டார்.

"லாச்சிக்குள்ளை கிடந்த றோலுகளிலை பொட்டு இருந்ததே?"

"எல்லாத்திலையும் இருந்தது. நான்தானே வைச்சனான்."

"நீ வைக்க முந்தி?"

"எனக்கென்ன தெரியும்? பூசை முடிய எல்லாத்தையும் துடைச்சு வைச்சன். பிசுபிசுவெண்டு கிடந்தது."

"அடியே, பொட்டு இருந்தால் அது எடுத்த றோல்."

அண்ணி கையைச் சேலையில் துடைத்தார். "நான் சாமிக்குப் பொட்டு வைச்சன். நீங்கள் ஏன் சாமியின்ரை பொட்டிலை உங்கடை வியாபாரத்தை வைச்சனீங்கள்? எனக்கு ஒரு சொல்லுச் சொன்னீங்களே?"

அண்ணை நெகட்டிவைக் காயக் கொடியில் மாட்டினார். என் பக்கம் திரும்பினார். "வெளிச்சம் பட்டுப் பழுதாப் போச்சுது எண்டு போய்ச் சொல்லு."

"முகம் தெரியுது அண்ணை. ஒண்டுமில்லை எண்டு எப்பிடிச் சொல்லுறது?"

"அப்ப கொண்டுபோய்க் காட்டு. உன்ரை விசர்த் தரைதானே."

செத்தவீட்டுத் துடக்கு கழியும்வரை அந்த மகள், நான் அக்கா என்று கூப்பிட்டவர், வெளியே வரமாட்டார். நான்தான் போனேன். அவரைக் கடைத்தெருவில் தூரத்தில் கண்டிருக்கிறேனே தவிரக் கதைத்ததில்லை. முற்றத்தில் பந்தல் இன்னும் பிரிக்கவில்லை. மர வாங்கு ஒன்றில் என்னை இருத்தினார். அச்சடித்துக் கொண்டுபோன படங்களில் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். தாய் கிடக்கிறார், துணியால் நாடி கட்டியிருக்கிறது. தலைமாட்டில் இந்த அக்கா, குனிந்து இரண்டு கையாலும் தாயின் கன்னத்தைப் பிடித்தபடி.

அவர் படத்தைக் கிட்டப் பிடித்தார், தூரப் பிடித்தார்.

"அம்மாவுக்கு மேலெல்லாம் இதென்ன தம்பி?"

"தரை, அக்கா."

"எந்தத் தரை?"

"வல்லைத் தரை."

"வல்லைத் தரை எப்பிடி அம்மாவின்ரை முகத்திலை வந்தது?"

சொன்னேன். சந்தனப் பொட்டிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் கோபிக்கவில்லை. படத்தில் தாயின் கன்னத்தை விரலால் தேய்த்துப் பார்த்தார், அது போய்விடுமா என்பதுபோல.

"நீர் சொன்னபடியால் எனக்குத் தரை. அவனுக்கு இது அம்மாள் வருத்தம், அம்மைத் தழும்பு. இல்லாட்டிப் படுக்கைப்புண் முகம் வரைக்கும் ஏறிப்போச்சுது எண்டு நினைப்பான்."

"விளக்கமாய் எழுதி அனுப்புங்கோவன்."

"எழுதினால், செய்ததை மறைக்கக் கதை கட்டுறாள் எண்டுதான் நினைப்பான். பொட்டு, பூசை, வல்லை எண்டு எழுதினால் நீரெண்டாலும் நம்புவீரே?"

நம்பமாட்டேன் என்றுதான் எனக்கும் பட்டது.

"இரண்டு வருசம் புரட்டிப் புரட்டித் துடைச்சனான்," என்றார். குரல் உயரவில்லை. "ஒரு புண் வர விடேல்லை. குளிப்பாட்டேக்கை பாத்த பொம்பிளையள் எல்லாருக்கும் தெரியும், தோல் குழந்தைப்பிள்ளையின்ரை மாதிரி இருந்தது. அதை அவன் ஒருக்கால் பாத்தால் போதும். வேறை ஒண்டும் எனக்கு வேண்டாம்."

திரும்பி வந்து இருட்டறைக்குள் இருந்தேன். கடதாசி அட்டையில் சின்ன ஓட்டை போட்டு முகத்துக்கு மட்டும் கூட வெளிச்சம் விட்டேன். வெடிப்பு அதிகமாகியது. வெளிச்சத்தைக் கையால் மறைத்துப் பார்த்தேன். முகம் சாம்பல் பூசினதுபோல் வந்து, மூக்கும் கண்ணும் கலந்தன. தூரிகையால் நெகட்டிவில் மை தொட்டு நிரப்பினேன். அது வேறு யாரோ ஒரு கிழவியின் முகமாகியது. அண்ணை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கடதாசி வீணாகிறது என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

றோலின் கடைசிப் பக்கத்துக்கு வந்தபோதுதான் மதகு நினைவுக்கு வந்தது. இது எளிய விசயம். எடுக்கிற இடத்தில் இருட்டு என்றால் பிலிமில் அங்கே ஒன்றும் பதியாது. முதல் முறை இருட்டாக இருந்த இடத்தில் இரண்டாம் முறை விழுகிற படம் சுத்தமாக நிற்கும். மதகின் வாய் இருட்டு. அந்த இருட்டுக்குள் யார் விழுந்திருக்கிறார் என்று தேடினேன். நெகட்டிவ்களில் ஒன்றில், கீறல் ஒன்று ஓரமாக ஓடினாலும், தாயின் முகமும் நெஞ்சும் காலும் மதகின் வாய்க்குள் நீளமாக அப்படியே கிடந்தன. ஒரு கோடு, ஒரு புள்ளி இல்லை. அச்சடித்தேன். நித்திரைபோல இருந்தார்.

சுற்றிலும் மதகின் கல். தலைமாட்டில் நின்ற ஆளும் பக்கத்தில் நின்றவர்களும் கல்லுக்குள் போய்விட்டார்கள். காலடியில் மட்டும் ஒருவர் இருட்டின் ஓரத்துக்குள் முழுதாக விழுந்திருந்தார்.

கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த அக்கா நெடுநேரம் தாயைப் பார்த்தார். பிறகுதான் மற்றப் பக்கங்களைப் பார்த்தார்.

"நான் எங்கை?"

"இந்தக் கல்லுக்குள்ளை, அக்கா. தலைமாட்டிலை."

"ஒண்டும் தெரியேல்லையே."

"அதிலை முதலே வெயில் ஏறிப்போச்சுது."

"காலடியிலை நிக்கிறது மாமியெல்லே?"

"ஓம்."

"வடிவாய் விழுந்திருக்கிறா," என்றார்.

நான் சொன்னேன், வேறு படத்திலிருந்து உங்களை வெட்டி இதில் ஒட்டி, திரும்ப எடுத்துத் தரலாம், தாமரைப் பூவுக்குள் பெண்ணை வைப்பது அப்படித்தான், அண்ணைக்குக் கைவந்த வேலை என்று. அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்.

"ஒட்டினது தெரியுமே?"

"உத்துப் பாத்தால் கொஞ்சம் தெரியும்."

"அவன் உத்துத்தான் பாப்பான். ஒரு இடம் ஒட்டினது எண்டு கண்டால், அம்மாவின்ரை முகமும் ஒட்டினது எண்டு நினைப்பான். வேண்டாம்." படத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். "நான் இல்லாட்டிக் காரியமில்லை. அம்மா வடிவாயிருக்கிறா. இதையே அனுப்புவம். மற்றதுகளைக் கிழிச்சுப் போடும், ஒருத்தரும் பாக்க வேண்டாம்."

அவர் முன்னாலேயே மற்றப் படங்களைக் கிழித்தேன். நெகட்டிவைப் பற்றி அவர் கேட்கவில்லை. நான் வைத்துக்கொண்டேன். அதில் என் தரையும் இருந்தது, வேறு காரணம் இல்லை.

மழை வந்தது. வல்லை வெளி தண்ணீரில் மூடியது. அந்தப் படங்கள் மனத்தை விட்டுப் போகவில்லை. ஆளும் தரையும் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்தபோது அதில் இருந்த ஏதோ ஒன்று, தரையை மட்டும் எடுத்ததில் இல்லை. வேண்டுமென்றே செய்து பார்த்தேன். சந்தைச் சனத்தை எடுத்து, அதன்மேல் கிணற்றுச் சுவரை எடுத்தேன். பனையோலைக் குவியலை எடுத்து அதன்மேல் ஒரு வண்டில்காரரை எடுத்தேன். எல்லாம் பூப்போட்ட சீத்தைத் துணிபோல வந்தது. எது எதன்மேல் விழவேண்டும் என்று நான் தீர்மானித்தபோது ஒன்றும் வரவில்லை. சும்மா விட்டால் பழுதாகிறது. இரண்டுக்கும் இடையில் ஒரு வழி இருக்கவேண்டும் என்று தெரிந்தது, எனக்கு அது பிடிபடவில்லை. கொஞ்சநாளில் அண்ணை கீறல் துண்டுகள் தருவதையும் நிறுத்திவிட்டார்.

அடுத்த வருடம், மாம்பழக் காலத்தில், ஒரு நாள் காலை வெள்ளைச் சேட்டோடு ஒருவர் ஸ்ரூடியோவுக்குள் வந்தார். வெயிலில் கருகிய முகம்.

"செத்தவீட்டுப் படம் எடுத்தது ஆர்?"

அண்ணை என்னைப் பார்த்தார். நான் அந்தப் படத்தைக் கழுவினவன் என்றேன். அவர் காசுப்பையிலிருந்து மதகுப் படத்தை எடுத்து மேசையில் வைத்தார். மூலைகள் மடிந்திருந்தன.

"நான் இவவின்ரை மகன். அம்மாவிலை ஒரு பிழையுமில்லை. நல்லாய் விழுந்திருக்கிறா. எனக்கு இதிலை அக்காவைக் காணேல்லை. வந்து கேட்டால், தலைமாட்டிலை நிண்டனான் எண்டு சொல்லுறா. மாமி சொல்லுறா, அக்கா அறைக்குள்ளை கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தவ, தான்தான் நிண்டு எல்லாம் பாத்தது எண்டு. படத்திலை மாமிதான் நிக்கிறா." அவர் குரலில் கோபத்தை விடக் களைப்புத்தான் இருந்தது. "நான் இனி ஒருத்தரையும் கேக்கப் போறேல்லை. வேறை படம் இருக்கோ?"

அண்ணை உடனே, "எல்லாம் பழுதாப் போச்சுது தம்பி," என்றார்.

நான், "இருக்கு," என்றேன். அண்ணை காலால் என் காலை மிதித்தார். "ஆனால் அக்கா காட்ட வேண்டாம் எண்டு சொன்னவ. அவவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. அவ ஓம் எண்டால் காட்டுறன்."

"ஏன் காட்ட வேண்டாமாம்?"

"அதையும் அவவைத்தான் கேக்க வேணும்."

அவர் படத்தைக் காசுப்பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

பின்னேரம் இருவரும் வந்தார்கள். அந்த அக்கா வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, சுவரில் தொங்கிய கலியாணப் படங்களைப் பார்த்தபடி நின்றார். என் பக்கம் திரும்பவில்லை. கேள்வியைத் தம்பியார்தான் கேட்டார்.

"காட்டட்டோ எண்டு கேக்கிறான் அக்கா."

"காட்டட்டும். இனி என்ன கிடக்கு."

வெட்டிய நெகட்டிவ் கீலங்களை அப்படியே கடதாசியில் வைத்து அடித்த சின்னப் படங்கள் ஒரு தாளில் இருந்தன. அதையும் பூதக்கண்ணாடியையும் தம்பியாரிடம் கொடுத்தேன். அவர் யன்னலருகே போய் ஒவ்வொன்றாகப் பார்த்தார். அந்த அக்காவின் கைகள் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தன.

"முகத்திலை தெரியிறது புண்ணில்லையடா," என்று சுவரைப் பார்த்தபடியே சொன்னார். "பிலிமிலை வந்த பிழை. அம்மாவுக்கு ஒண்டும் இருக்கேல்லை. இந்தத் தம்பியைக் கேள்."

"இது வல்லை," என்றார் தம்பியார்.

அந்த அக்கா திரும்பினார். என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன், நான் சொல்லவில்லை என்று.

"உனக்கு ஆர் சொன்னது?"

"ஆர் சொல்லோணும்? கப்பலுக்குப் போகேக்கை ஒவ்வொருமுறையும் பஸ் யன்னலாலை உதைத்தானே பாத்துக்கொண்டு போறனான். உதோடை எங்கடை பக்கம் முடிஞ்சுது எண்டு." அவர் கண்ணாடியைத் தாளிலிருந்து எடுக்கவில்லை. "உது எப்பிடி அம்மாவுக்கு மேலை வந்தது எண்டுதான் தெரியேல்லை. சரி, வந்திட்டுது. உதுக்கே நீ இவ்வளவு நாளும் பயந்து கொண்டிருந்தனி?"

"நீ எங்கையோ இருக்கிறாய். நீ என்ன நினைப்பாய் எண்டு எனக்கென்ன தெரியும்."

"மாமி சொன்னதை நம்புவன் எண்டு நினைச்சனி."

"நம்பினனிதானே."

அவர் கண்ணாடியை நகர்த்தினார். கண்ணாடி ஒரு படத்தின்மேல் நின்றது. நான் முதல்முறை அந்த வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, பிறகு கிழித்த படம்.

"இதைப் பெரிசாய் அடிச்சுத் தாரும்."

"அதிலை எனக்குக் கண் மூடியிருக்கு," என்றார் அந்த அக்கா.

"அழேக்கை மூடாமல்?"

இருட்டறைக்குள் போனேன். அதே நெகட்டிவ். இந்த முறை ஓட்டை போட்ட அட்டையும் இல்லை, தூரிகையும் இல்லை. வெளிச்சத்துக்குக் கீழே கையை நீட்டாமல் எண்ணிக்கொண்டு நின்றேன். கடதாசியை மருந்துக்குள் விட்டதும் முதலில் வெடிப்புகள் வந்தன. பிறகு ஒரு கறுத்த தலைமயிர், குனிந்த முதுகு, இரண்டு கை. தாயின் முகம் கடைசியாகத்தான் வந்தது.

ஈரத்தோடு வெளியே கொண்டுவந்தேன். அந்த அக்காதான் கையை நீட்டி வாங்கினார். வாசல் வெளிச்சத்துக்குப் போய்ப் பார்த்தார். தாயைப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் தன்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். படத்தில் தோள் எலும்பு சட்டைக்கு மேலால் தள்ளிக்கொண்டு நின்றது. தாயின் கன்னத்தைப் பிடித்திருந்த கைகள் தாயின் கையைவிட மெலிந்திருந்தன.

"அப்ப நான் இவ்வளவு மெலிஞ்சே இருந்தனான்?" என்று கேட்டார். யாரைக் கேட்டாரோ தெரியாது.

அண்ணை உள்ளே போய்விட்டார். தம்பியார் படத்தைத் தமக்கையின் கையிலிருந்து வாங்கி, இரண்டு மூலையிலும் பிடித்துக்கொண்டு, அது காயும்வரை வாசலிலேயே நின்றார்.